“டீச்சர், இது கூட்டலா, கழித்தலா?”: வார்த்தைக் கணக்கு ஏன் பிடிபடுவதில்லை

2021 செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு தொடங்கியது. பி.எஸ்.எல்.இ. என்பார்கள். 12 வயதுப் பிள்ளைகள் எழுதும் தேர்வு. கணிதத் தாள் முடிந்ததும் அதிலிருந்த ஒரு கேள்வி பெற்றோர்களின் கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்தது. நன்றாகப் படித்த பெரியவர்களே விடை வராமல் திணறினார்கள். கேள்வியின் சாரம் இதுதான்:

ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள் இருந்தன. ஹெலனிடம் இருந்தவை சில 50 காசு நாணயங்களும் அறுபத்து நான்கு 20 காசு நாணயங்களும். அவற்றின் மொத்த எடை 1.134 கிலோ. ஐவனிடம் இருந்தவை சில 50 காசு நாணயங்களும் நூற்று நான்கு 20 காசு நாணயங்களும்.

(அ) யாரிடம் பணம் அதிகம்? எவ்வளவு அதிகம்?
(ஆ) ஒரு 50 காசு நாணயம் ஒரு 20 காசு நாணயத்தைவிட 2.7 கிராம் கூடுதல் எடை என்றால், ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோ?

முதல் தடவை படிக்கும்போது தகவல் போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் தேவையான எல்லாமே கேள்வியில் இருக்கிறது. இப்படியொரு கேள்வி எதைச் சோதிக்கிறது, கூட்டல் கழித்தல் நன்றாகத் தெரிந்த நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வார்த்தைக் கணக்கு வந்ததும் ஏன் நின்றுவிடுகிறார்கள், அதைச் சொல்லித்தர என்ன வழி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, 50 காசு நாணயங்கள் எத்தனை என்று தேடுவது. அங்கேயே வழி அடைபட்டுவிடும். தனி நாணயத்தின் எடை தரப்படவில்லை, மொத்த எண்ணிக்கையும் தரப்படவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அந்த எண் கிடைக்காது. அது தேவையும் இல்லை. இருவரின் நாணயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியதாக நினைத்துக்கொண்டு பாருங்கள்:

1. ஐவனிடம் 20 காசு நாணயங்கள் 104 − 64 = 40 கூடுதல். மொத்த எண்ணிக்கை இருவருக்கும் ஒன்று என்பதால், ஹெலனிடம் 50 காசு நாணயங்கள் அதே 40 கூடுதலாக இருந்தே தீர வேண்டும்.
2. இருவரிடமும் பொதுவாக உள்ள நாணயங்களை ஒதுக்கி வைத்துவிடலாம். மிஞ்சுவது ஹெலன் பக்கம் நாற்பது 50 காசு, ஐவன் பக்கம் நாற்பது 20 காசு.
3. ஒரு ஜோடிக்கு 30 காசு வித்தியாசம். 40 × 30 = 1200 காசு. ஹெலனிடம் 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அதிகம்.
4. எடையும் அதே போலத்தான். 40 × 2.7 = 108 கிராம். ஹெலனின் நாணயங்கள் அவ்வளவு கூடுதல் எடை. எனவே ஐவனுடையது 1.134 − 0.108 = 1.026 கிலோ.

இதில் இருக்கும் கணக்கீடு எல்லாம் சேர்த்து மூன்று கழித்தல், இரண்டு பெருக்கல். எண்கள் கொஞ்சம் தசமம், அவ்வளவுதான். இந்தத் தேர்வின் இரண்டாம் தாளில் 2009 முதல் கால்குலேட்டரையே அனுமதிக்கிறார்கள். கணக்கீட்டுத் திறமை அளக்கப்படும் பொருளாக இருந்தால் அதை அனுமதித்திருக்க மாட்டார்கள். அளக்கப்படுவது வேறு.

வார்த்தைக் கணக்கில் இரண்டு வேலைகள்

வார்த்தைக் கணக்கு என்பது ஒரு நிலைமையைச் சொற்களால் சொல்லி, அதில் தெரியாத ஒன்றைக் கேட்பது. அதைப் போடும் பிள்ளை இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை, நிலைமையை மனதில் கட்டி எழுப்புவது: யாரிடம் என்ன இருக்கிறது, எது முழுமை, எது அதன் பகுதி, எது பெரிது, எது தெரியும், எது தெரியாது. இரண்டாவது வேலை, அதற்குப் பொருத்தமான செயலைத் தேர்ந்து கணக்கிடுவது.

நம் வகுப்பறைகளில் பயிற்சி கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வேலைக்குத்தான். பாடப் புத்தகத்தின் அமைப்பே அப்படி. பெருக்கல் பாடம் முடிந்ததும் கடைசியில் வரும் வார்த்தைக் கணக்குகள் அத்தனையும் பெருக்கல். பிள்ளை வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம். இரண்டு எண்களைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கினால் சரி போட்டுவிடுவார்கள். அப்புறம் ஆண்டுத் தேர்வில் நான்கு வகையும் கலந்து வரும்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது: “டீச்சர், இது கூட்டலா, கழித்தலா?” பிள்ளை அங்கே கேட்பது முதல் வேலையின் விடையை. அதைச் சொல்லிவிட்டால் மீதியை அதுவே போட்டுவிடும். ஆனால் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது அந்த முதல் வேலையைத்தானே.

குறிச்சொல் வைத்தியம்

இந்தக் கேள்விக்குப் பல பள்ளிகளில் ஒரு சுருக்கு வழி சொல்லித்தருகிறார்கள். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி, ‘தலா’ என்று வந்தால் பெருக்கு, ‘சமமாகப் பங்கிட்டால்’ என்று வந்தால் வகு. சொல்லித்தருபவர்களின் அக்கறையில் குறை இல்லை. இரண்டாம் வகுப்பில் இது வேலையும் செய்யும். நான்காம் வகுப்பில் என்ன ஆகிறது என்று பாருங்கள்:

1. கவிதாவிடம் 35 ரூபாய் இருக்கிறது. இது முருகனிடம் இருப்பதைவிட 8 ரூபாய் அதிகம். முருகனிடம் எவ்வளவு? ‘அதிகம்’ என்று பார்த்ததும் கூட்டினால் 43. சரியான விடை 27.
2. பேருந்திலிருந்து 9 பேர் இறங்கிய பிறகு மீதி 26 பேர் இருந்தார்கள். முதலில் எத்தனை பேர்? ‘மீதி’ இருக்கிறது, ஆனால் கூட்ட வேண்டும். 35.
3. மொத்தம் 48 லட்டு. ஒரு டப்பாவுக்குத் தலா 6 வைத்தால் எத்தனை டப்பா? ‘மொத்தம்’, ‘தலா’ இரண்டும் வந்தும் செய்ய வேண்டியது வகுத்தல்.
4. காலை 8.40-க்குக் கிளம்பிய ரயில் 11.15-க்குப் போய்ச் சேர்ந்தது. பயண நேரம் எவ்வளவு? இதில் குறிச்சொல்லே கிடையாது.

குறிச்சொல் முறையின் பெரிய கெடுதல் சில கணக்குகள் தப்பாகப் போவது அல்ல. வாக்கியத்தைப் படிக்காமல் இருப்பதற்கு அது பிள்ளையைப் பழக்கிவிடுகிறது. ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்ட கண், அது யாரைவிட என்று பார்க்காமலேயே கடந்துபோகிறது.

மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர், கிறிஸ்டோபர் மங்க் ஆகிய மூவரும் 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் கண்ணின் அசைவை வைத்தே காட்டியது. கணக்கைப் படிக்கும்போது பார்வை எங்கெங்கே திரும்புகிறது என்று பதிவு செய்தார்கள். தப்பாகப் போட்டவர்களின் பார்வை எண்களுக்கும் ‘அதிகம்’, ‘குறைவு’ மாதிரியான சொற்களுக்குமே திரும்பத் திரும்பப் போனது. சரியாகப் போட்டவர்கள் எது எதைக் குறிக்கிறது என்று சொல்லும் பெயர்களையும் அதிகம் பார்த்தார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது. சிறு வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் கல்லூரி வரை கூடவே வருகிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு புகழ்பெற்ற உதாரணங்கள் உண்டு.

முதலாவது, கேப்டனின் வயது. 1980-ஐ ஒட்டி, பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டார்கள்: “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?” 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த இரண்டு எண்களையும் வைத்து ஏதோ ஒரு விடையைப் போட்டுவிட்டார்கள். 2018-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இதே கேள்வி வந்தபோது உலகம் முழுக்கச் செய்தியானது. பிள்ளைகளை முட்டாள்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. கணக்கு வகுப்பில் சொல்லாமலே சொல்லித்தரப்படும் விதிகள் சில உண்டு: எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கும், விடை ஓர் எண்ணாக இருக்கும், கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் அந்த விதிகளுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ராணுவப் பேருந்து. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் கேட்ட கேள்வி: 1128 வீரர்களை அழைத்துப் போக வேண்டும், ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம், எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். 18 சதவீதம் பேர் 31 என்று எழுதி அந்தப் பன்னிரண்டு பேரை விட்டுவிட்டே கிளம்பினார்கள். கணக்கீடு முடிந்த பிறகு திரும்பிவந்து பேருந்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

சந்தையில் வருவது தாளில் ஏன் வருவதில்லை

1985-இல் வெளியான இன்னோர் ஆய்வு பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் நடந்தது. தெரெசின்யா கராஹர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர் சிறுமியர் ஐந்து பேரிடம் வாடிக்கையாளர்கள் மாதிரிப் போய்ப் பொருள் வாங்கினார்கள். தேங்காய் விற்ற 12 வயதுப் பையனிடம் “ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு?” என்று கேட்டார்கள். அவன் போட்ட வழி இது: மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும், அடுத்த மூன்றோடு 315, ஆக 350. பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும் என்ற பள்ளிக்கூட விதியை அவன் தொடவே இல்லை. தெருவில் இந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாக வந்தது. கதையோடு சேர்த்து வார்த்தைக் கணக்காகக் கொடுத்தபோது 74 சதவீதம்.

இந்தியாவில் இதற்கு நேரான ஆய்வு ஒன்று 2025-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்தார்கள். விலை, எடை, மீதிச் சில்லறை எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போட்டவர்கள் பள்ளிக்கூட வடிவத்தில் கேட்டபோது தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் நேர்மாறு: தாளில் சுமாராகப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள்.

சந்தைப் பிள்ளைக்கு நிலைமை கண் முன்னால் இருக்கிறது. காய், தராசு, காசு, எதிரே நிற்கும் ஆள். முதல் வேலையை அங்கே இடமே செய்து கொடுத்துவிடுகிறது. தாளில் அந்த இடத்தைப் பிள்ளை தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதை உண்டாக்கக் கற்றுக்கொடுப்பதுதான் நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணித ஆசிரியரின் தலையாய வேலை என்பது என் கருத்து. வாய்ப்பாடுகூட அதற்கு அடுத்துத்தான்.

சிங்கப்பூர் என்ன செய்தது

1980-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரும் இதே இடத்தில்தான் நின்றது. தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் வார்த்தைக் கணக்கில் பலவீனமாக இருப்பது கண்டறியப்பட்டது. 1980-இல் அமைக்கப்பட்ட பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் கோ டெக் ஹாங் தலைமையிலான குழு ஒரு முறையை உருவாக்கியது. ‘மாடல் முறை’ என்று அதற்குப் பெயர். ஆங்கில வகுப்பறைகளில் ‘பார் மாடல்’ என்பார்கள். இங்கே பட்டைப் படம் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலில் வரும் பட்டை விளக்கப்படம் வேறு, இது வேறு.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன மூன்று படிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் கையால் தொடும் பொருள், பிறகு படம், கடைசியில் குறியீடு. மூன்றாவது படிக்குத் தாவாமல் நடுவில் உள்ள படத்தில் நிறைய நேரம் நிற்பது இந்த முறையின் சிறப்பு.

கவிதா கணக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பட்டைகள், ஒன்றின் கீழ் ஒன்று, இடது ஓரம் நேராக. பிள்ளை முதலில் முடிவு செய்ய வேண்டியது யாருடைய பட்டை நீளம் என்பது. கவிதாவின் 35 ரூபாய் முருகனுடையதைவிட அதிகம். ஆகவே கவிதாவின் பட்டை நீளம். முருகனுடைய பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் 8 என்று எழுதுகிறது. கவிதாவின் முழு நீளத்துக்கு 35. முருகனின் பட்டைக்குள் கேள்விக்குறி. படம் முடிந்ததும் கூட்டலா கழித்தலா என்ற கேள்வியே எழாது. கழிக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

பின்னத்தில் இதன் பலம் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு கூடையில் இருந்த மாம்பழங்களில் 2/5 பங்கு விற்ற பிறகு 24 பழங்கள் இருந்தன, முதலில் எத்தனை? பட்டையை ஐந்து சம கட்டங்களாகப் பிரித்து இரண்டை நிழலிட வேண்டும். மிச்சம் மூன்று கட்டம், அதுதான் 24. ஒரு கட்டம் 8, ஐந்து கட்டம் 40. 24-ஐ 2/5-ஆல் பெருக்கி 9.6 மாம்பழம் என்று எழுதும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட பிள்ளை அந்தத் தப்பைச் செய்யாது. 24 என்பது முழுக் கூடை அல்ல என்பது அதன் கண் முன்னாலேயே இருக்கிறது.

ஏன் பட்டை? மாம்பழத்தையே வரையலாமே? வரையலாம். இரண்டாம் வகுப்பில் வரையத்தான் வேண்டும். ஆனால் மாம்பழம் வரையும் பிள்ளை காம்பும் இலையும் வரைந்து வண்ணம் அடிக்கப் போய்விடும். 350 மாம்பழத்தை வரையவும் முடியாது. பட்டை அளவுகளுக்கு இடையிலான உறவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிடுகிறது. பணம், எடை, தூரம், ஆள் எண்ணிக்கை எதுவானாலும் அதே பட்டை.

1990-இல் வந்த பாடத்திட்டம் கணக்குத் தீர்ப்பதையே மையத்தில் வைத்தது. அதைச் சுற்றி ஐந்து விஷயங்கள்: கருத்துகள், திறன்கள், வழிமுறைகள், மனப்பான்மை, தன் சிந்தனையைத் தானே கவனிப்பது. 1995 முதல் நடக்கும் பன்னாட்டுக் கணித அறிவியல் ஒப்பீடான டிம்ஸில் சிங்கப்பூர் முன்னணியில் நிற்கிறது. 2023-இல் நான்காம் வகுப்புக் கணிதத்தில் 615 புள்ளிகளோடு முதலிடம். பட்டைப் படம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியர் பயிற்சி, வீட்டுச் சூழல், எங்கும் நிறைந்த டியூஷன் எல்லாம் சேர்ந்தது அது.

கணக்குகளுக்கும் குடும்பம் உண்டு

ஆயிரம் வார்த்தைக் கணக்குகள் இருப்பதாகப் பிள்ளைக்குத் தோன்றும். உள்ளே இருக்கும் அமைப்புகள் மிகச் சிலவே. தொடக்கப்பள்ளிக் கணக்குகளில் பெரும்பகுதி இவற்றில் அடங்கிவிடும்:

1. மாற்றம்: முதலில் இருந்தது, நடந்தது, முடிவில் இருப்பது. பேருந்துக் கணக்கு இந்த வகை. மூன்றில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். முதலில் இருந்ததை மறைப்பதுதான் பிள்ளைகளுக்குக் கடினம்.
2. பகுதியும் முழுமையும்: ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள், மொத்த வகுப்பு. எதுவும் நடப்பதில்லை, இருப்பதைச் சேர்த்துப் பார்க்கிறோம்.
3. ஒப்பீடு: பெரியது, சிறியது, வித்தியாசம். கூட்டல் கழித்தலில் பிள்ளைகளை அதிகம் சறுக்க வைப்பது இதுதான். வித்தியாசம் என்பது யார் கையிலும் இல்லாத ஓர் அளவு. கவிதாவின் 35 ரூபாயை எண்ணிக் காட்டலாம், முருகனின் 27-ஐயும் எண்ணிக் காட்டலாம், அந்த 8 தனியாக எங்கே இருக்கிறது? பட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டாக வரைந்தால்தான் அதற்கு ஓர் இடம் கிடைக்கிறது.
4. சம குழுக்கள்: குழு எத்தனை, ஒரு குழுவில் எத்தனை, மொத்தம் எத்தனை. லட்டு டப்பாக் கணக்கு.
5. மடங்கு: ‘அதைப்போல் மூன்று மடங்கு’. விகிதமும் சதவீதமும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இந்த அமைப்புகளை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் கற்பிக்கும் முறையை அமெரிக்காவில் அஷா ஜிதேந்திரா, லின் ஃபக்ஸ் ஆகியோர் பல ஆண்டுகள் வகுப்பறைகளில் சோதித்திருக்கிறார்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் இது கைகொடுப்பதை அவர்களின் ஆய்வுகள் காட்டின. குறிச்சொல் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே பிள்ளை ஒரு சொல்லைத் தேடுகிறது. இங்கே “இந்தக் கதையில் என்ன நடக்கிறது?” என்று கேட்டுக்கொள்கிறது.

வகுப்பில் எப்படிப் போகும்

அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரையான ஆசிரியர்களுக்காக 2012-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. படம் வரையக் கற்பிப்பது, ஒரே கணக்குக்குப் பல வழிகளைக் காட்டுவது, தான் செய்வதைத் தானே சரிபார்த்துக்கொள்ளப் பழக்குவது ஆகியவை அதன் முக்கியப் பரிந்துரைகள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் இவற்றை ஒரே கணக்கில் எப்படிக் கொண்டுவரலாம் என்று பார்ப்போம்.

எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் கரும்பலகையில் எழுதலாம்: ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள். வேன் பேசியிருக்கிறார்கள். ஒரு வேனில் இத்தனை பேர்தான் உட்காரலாம்.

“இதை வெச்சு என்னென்ன கேள்வி கேட்கலாம், சொல்லுங்க.”
“எத்தனை வேன் வேணும் டீச்சர்?”
“ஒரு ஆளுக்கு எவ்வளவு காசு?”
“கடைசி வேன்ல இடம் மிச்சம் இருக்குமா டீச்சர்?”

எண் இல்லாததால் பொறுக்கி எடுத்துப் பெருக்க எதுவும் இல்லை. கதையைத்தான் யோசித்தாக வேண்டும். இப்போது எண்களைக் கொடுக்கலாம்: 150 பேர், வேனுக்கு 14 பேர். உடனே கணக்கிட விடாமல், பத்து வேன் போதுமா என்று குத்துமதிப்பாகச் சொல்லச் சொல்ல வேண்டும். 140 பேர்தான் ஏற முடியும், போதாது என்று சிலருக்குப் பிடிபடும். அப்புறம் வகுத்தால் 10, மீதி 10. “அந்த மீதி பத்துப் பேர் யாரு?” என்ற ஒரு கேள்வியில் பாதிப் பாடம் முடிந்துவிடும். 11 வேன். ஒரு வேனுக்கு வாடகை 3000 ரூபாய் என்றால் 33,000 ரூபாய், ஆளுக்கு 220. பத்தே முக்கால் வேனுக்கு வாடகை கொடுக்க முடியாது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் சொன்ன நான்கு படிகள் இதற்குள் இருக்கின்றன: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். இந்த நான்கையும் சுவரில் ஒட்டிவைக்கும் பள்ளிகள் உண்டு. ஒட்டுவதால் பயன் குறைவு. ‘புரிந்துகொள்’ என்பது கட்டளை. எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்குத்தான் படமும் எண் மறைத்த கதையும் வேண்டியிருக்கிறது.

இன்னும் சில விஷயங்கள்:

1. ஒரு பாடவேளையில் பத்துக் கணக்கை ஓட்டுவதைவிட இரண்டை ஆழமாகப் பேசுவது மேல். இரண்டு பிள்ளைகள் இரண்டு வழியில் போட்டதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எங்கே ஒத்துப்போகிறது என்று கேட்க வேண்டும்.
2. புது வகையை அறிமுகப்படுத்தும்போது முழுமையாகப் போட்டுக் காட்டிய மாதிரிக் கணக்கு அவசியம். எல்லாவற்றையும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது முற்போக்காகத் தோன்றலாம், ஆனால் தொடக்கநிலைப் பிள்ளையின் கவனம் முழுக்கத் தேடுவதிலேயே செலவாகிவிடும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களிலிருந்தே இதைச் சுட்டிக்காட்டி வந்தார்.
3. பயிற்சிக் கணக்குகளைக் கலந்து கொடுக்க வேண்டும். பெருக்கல் பாடத்தின் முடிவில் இரண்டு கழித்தல் கணக்கு இருந்தாலே பிள்ளை படிக்கத் தொடங்கிவிடும். கலந்த பயிற்சியில் முதலில் மதிப்பெண் குறையும். ஆசிரியர் பதறக் கூடாது. பிறகு வைக்கும் தேர்வில் நிலைத்து நிற்பது கலந்து பயின்றதுதான் என்று அமெரிக்க உளவியலாளர் டக் ரோரரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.
4. அவ்வப்போது தேவையில்லாத எண் ஒன்றைச் சேர்க்கலாம். விடையே இல்லாத கணக்கும் எப்போதாவது கொடுக்கலாம். “இதுக்கு விடை சொல்ல முடியாது டீச்சர்” என்று பிள்ளை தைரியமாகச் சொல்வது பெரிய விஷயம்.

பட்டை வரைவதே சடங்கானால்

எந்த நல்ல முறையையும் சடங்காக்கிவிடலாம். ஆசிரியர் வரைந்ததைப் பார்த்து எழுதும் பட்டை பிள்ளையின் பட்டை அல்ல. முதலில் விடையைக் கண்டுபிடித்துவிட்டு, மதிப்பெண்ணுக்காகக் கடைசியில் ஒரு பட்டையை ஒட்டவைப்பதும் நடக்கிறது. அளவுகோல் வைத்துச் சரியான நீளத்தில் வரையச் சொல்வது இன்னொரு கோளாறு. எது பெரிது, எது சமம் என்று தெரிந்தால் போதும். மனதிலேயே கணக்கு பிடிபட்ட பிள்ளையைக் கட்டாயமாக வரையச் சொல்லவும் தேவையில்லை.

பட்டைக்கும் எல்லை உண்டு. வேகம், பரப்பளவு போன்றவற்றில் அது எப்போதும் பொருந்தாது. அட்டவணையோ வேறு படமோ வேண்டும். ஆறாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கும்போது பட்டையிலிருந்து சமன்பாட்டுக்கு நகர வேண்டும். ஐந்து கட்டமாக மாம்பழத்தைப் பிரித்துப் பழகிய பிள்ளைக்கு அந்த நகர்வு எளிது. மதிப்பு தெரியாத ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தை வைக்கிறோம், மூன்று கட்டம் 24 என்பதை எழுத்தால் எழுதுகிறோம். பட்டை தெரியாமல் நேரடியாக எழுத்துக்கு வரும் பிள்ளைக்கு அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதே தெரியாமல் போகிறது.

இங்கே நிலவரம்

மத்திய அரசின் ‘பராக்’ தேசிய ஆய்வு 2024 டிசம்பரில் நடந்தது. கணிதத்தில் தேசியச் சராசரி மூன்றாம் வகுப்பில் 60 சதவீதம், ஆறாம் வகுப்பில் 46, ஒன்பதாம் வகுப்பில் 37. சோதிக்கப்பட்டவர்கள் வெவ்வேறு பிள்ளைகள், தாள்களும் வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், மேலே போகப் போகச் சரிவதை மறைக்க முடியாது. கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் ‘அசர்’ ஆய்வில், 2024-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 சதவீதம். வார்த்தைக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டாவது எண்ணும் முதல் எண்ணுக்குச் சமமாகக் கவலை தர வேண்டும். வாக்கியத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்திருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கை ஆசிரியர் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதில் தவறே இல்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிப்பதும், கையில் பொருளைக் கொடுத்து எண்ண வைப்பதும் அதன் பலம். புரூனர் சொன்ன முதல் படி அங்கே இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது படியான படத்துக்கு அதே அளவு நேரம் ஒதுக்க வேண்டும்.

அதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் கேள்வித்தாள். விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் எந்த ஆசிரியரும் படத்துக்கு நேரம் செலவிட மாட்டார். சிங்கப்பூர்த் தேர்வின் நீண்ட கேள்விகளில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. நம் பருவத் தேர்வுகளில் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்கள் இருக்கின்றன. ஒரு கணக்கைக் கொடுத்து, விடை வேண்டாம், நிலைமையை மட்டும் படமாக வரை என்று கேட்கலாம். ஒரு பட்டைப் படத்தைக் கொடுத்து, இதற்குப் பொருந்தும் கணக்கு ஒன்றை எழுது என்று கேட்கலாம். தப்பாகப் போட்ட விடை ஒன்றைக் காட்டி, இது ஏன் சரியாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். ஐந்து மதிப்பெண் கேள்வியில் இரண்டு மதிப்பெண்ணைப் படத்துக்கும் வழிக்கும் வைத்தாலே அடுத்த பருவத்தில் கரும்பலகைகளில் பட்டைகள் தோன்றத் தொடங்கும்.